பதின்மூன்றாவது மீற்றர்

ஜேர்மனி
02.09.2024

அன்புள்ள தங்கச்சி சுதர்சினிக்கு,

நான் நல்ல சுகம். நீயும் மகள் யதுர்ஷிகாவும் சுகமென்றே நினைக்கிறேன். உன் இருமல் எப்படி?

இத்துடன் அற்றோணிப் பத்திரம் வைத்திருக்கிறேன். தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்து முத்திரையும் குத்தியாயிற்று. இனி என் பெயருக்கும் சேர்த்து நீயே ஒப்பம் வைக்கலாம். அம்மாவின் இரண்டு ஏக்கரையும் அந்த வவுனியா யோகநாதனுக்குக் கொடுத்துவிடு. அவர் தேக்கு நடப்போகிறாராம். தேக்கைக் குரங்கு தின்னாது. மச்சான் காலமாகி நாலு வருடமாக நீ தனியக் கிடந்து கச்சான் கடலை போடுகிறாய், குரங்கு தின்கிறது. போன வருடம் விதைக்குக் கூட மிஞ்சவில்லை என்று நீதான் சொன்னாய்.

நானும் இனி வந்து காணி பார்க்கப் போவதில்லை. காணி இருந்தால்தான் அதைப்பற்றிய யோசனை. விற்றுவிட்டால் யோசனையும் இல்லை.

போனில் சொன்னால் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் தா.

அன்பு அண்ணன்
சிவகரன்


உடையார்கட்டு
24.09.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இருமல் போய்விட்டது. யதுர்ஷிகா வவுனியாக் கம்பஸில் இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டாள். உங்கள் சீனி வருத்தம் எப்படி? இரவில் சோறு சாப்பிடுவதை விட்டீர்களா, இல்லை விட்டதாகச் சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறீர்களா?

பத்திரம் வந்து சேர்ந்தது. அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. கோபிக்காதீர்கள், இன்னும் நொத்தாரிசிடம் கொண்டுபோகவில்லை. எனக்கு ஒரு போகம் தாருங்கள். ஐப்பசி மழைக்கு விதைத்தால் மாசியில் பிடுங்கலாம். இந்த முறையும் கச்சான் வீடு வந்து சேராவிட்டால் நானே போய்க் கையெழுத்து வைக்கிறேன், அழமாட்டேன். வந்து சேர்ந்தால் காணி காணியாகவே இருக்கும். இதுதான் பேச்சு.

குரங்குதான் சிக்கல். வெடி போட்டுப் பார்த்தோம். திரும்பி ஒருதரம் பார்க்கும், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் குரங்குக்கு வெடிச் சத்தமா புதிது? யதுர்ஷிகா போனில் ஒரு படம் காட்டினாள். எங்கேயோ ஒருவர் பெரிய தண்ணீர்த் துவக்கால் குரங்குக் கூட்டத்தைக் கலைக்கிறார். பிள்ளைகள் தண்ணீர் பீச்சி விளையாடுகிற துப்பாக்கிதான், ஆனால் நல்ல உரமானது. துவக்கு என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் என்றபடியால் சம்மதிக்கிறேன். இங்கே சந்தையில் விற்கிறதெல்லாம் ஒரு முழம் போகாது. அங்கே நல்லதாக ஒன்று பார்த்து அனுப்புங்கோ.

உங்கள் தங்கச்சி
சுதர்சினி


ஜேர்மனி
12.10.2024

அன்புள்ள சுதர்சினி,

நான் நல்ல சுகம். சோறு விட்டாயிற்று.

உனக்கு இதெல்லாம் விளையாட்டு. சரி, ஒரு போகம் தந்தேன். கோடை முடிந்ததால் கடைகளில் தண்ணீர்த் துவக்குகளை மலிவாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆள் நானில்லை. பாண் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் அவணில் வெந்து வருகிற பாணின் நிறையும் நிறமும் சரிபார்த்தவன். மூன்று வாங்கி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் பின்னால் கார் விடுகிற இடத்தில் அளவுநாடா விரித்து, ஒவ்வொன்றிலும் முப்பது தரம் அடித்துப் பார்த்தேன்.

முதலாவது கையால் அமுக்கிக் காற்றடைப்பது. இருபத்தைந்து தரம் அமுக்கினால் பன்னிரண்டு மீற்றர் போகிறது. முப்பது அடியிலும் தூரம் அரை மீற்றருக்கு மேல் குறையவில்லை. இரண்டாவது பற்றரியில் வேலை செய்வது. மூக்கை வாளிக்குள் வைத்தால் தானே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒன்பது மீற்றர். மூன்றாவது வெறும் பீச்சாங்குழல், ஒரு குழாயும் ஒரு தடியும். எட்டு மீற்றர். அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

மூன்றாம் மாடிக்காரர் யன்னலைத் திறந்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். பிள்ளைகளுக்கு இல்லை, குரங்குக்கு என்றேன். யன்னலைச் சாத்திவிட்டார்.

முதலாவதை இன்று தபாலில் போடுகிறேன். நீ விதைப்பை நடத்து. பத்திரத்தைத் தொலைத்துவிடாதே.

அண்ணன்
சிவகரன்


உடையார்கட்டு
11.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம். மழை நல்லாகப் பெய்கிறது. இரணைமடுக் குளத்துக்கும் தண்ணீர் நிறைய வருகிறதாம். நீங்கள் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரிகிறீர்களா?

பார்சல் வந்தது. அண்ணா, யோசித்துத்தான் அனுப்பினீர்களா? பெட்டியைத் திறந்தால் உள்ளே கன்னங்கரேலென்று, என் கை நீளத்துக்கு ஒரு துவக்கு கிடக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு நான் இந்த ஊரில், றோட்டுக்கரைத் தோட்டத்தில், பட்டப்பகலில் நடக்கவேண்டுமாம்.

துவாயால் சுற்றித்தான் கொண்டுபோனேன். அமுக்குவதற்காகத் துவாயை எடுத்த நேரம் பார்த்து முகாமிலிருந்து இரண்டு ஆமிக்காரர் சைக்கிளில் வந்தார்கள். ஒருவன் இறங்கினான். துவக்கை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நாலு அடி போய் நின்றேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, கால் தானாகப் போனது. அவன் சின்ன வயது. எடுத்துப் பார்த்தான், தண்ணீர்ப் போத்தலைக் கண்டான். "ரிலவ்?" என்று கேட்டான். அவர்களின் பாஷையில் குரங்கு. ஓமென்று தலையாட்டினேன். தன் ஊரிலும் அதே கரைச்சலாம். வாழைக்கு ஒருதரம் அடித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, "பெயின்ற் அடிங்கோ அம்மா" என்று தமிழில் சொல்லித் தந்துவிட்டுப் போனான். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குசினியில் அடுப்படியோடு கனநேரம் இருந்துதான் எழும்பினேன்.

முள்ளிவாய்க்காலில் இருந்து மீன் கொண்டுவருகிற அனிஸ்ரன் தன் படகுக்கு அடித்த பெயின்றில் மிச்சம் தந்தான். இப்போது உங்கள் துவக்கு மஞ்சளும் நீலமுமாகக் குட்டிப் படகுபோல் இருக்கிறது.

வேலையைப்பற்றிச் சொல்வதானால், நீங்கள் எழுதிய பன்னிரண்டு மீற்றர் சரி. முதல் நாள் எல்லாம் நனைந்து ஓடின. இரண்டாம் நாளும் ஓடின. மூன்றாம் நாள் கூட்டத்துத் தலைவன் பதின்மூன்றாவது மீற்றரில் வந்து குந்தியிருந்து முளைவிட்ட விதையைத் தோண்டித் தின்கிறான். நான் ஓரடி வைத்தால் அவனும் ஓரடி. அளவுநாடா உங்களிடம் மட்டுமல்ல, அவனிடமும் இருக்கிறது. தோண்டிய இடமெல்லாம் திரும்ப ஊன்றியிருக்கிறேன்.

சுதர்சினி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் தொழிற்சாலையில் அல்லவா நிற்கவேண்டும்? லீவா?


ஜேர்மனி
01.12.2024

அன்புள்ள சுதர்சினி,

நான் நல்ல சுகம். தொப்பி போடுகிறேன்.

கறுப்பை அனுப்பியது என்னுடைய மடைத்தனம். கடையில் நான் பார்த்தது தூரம், அமுக்கம், மூடியின் இறுக்கம். நிறத்தைப் பார்க்கவே இல்லை. அங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு இது எப்படி மறந்தது என்று விளங்கவில்லை. நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றேன் என்று நீ எழுதியிருந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். என்னை மன்னித்துவிடு.

இரண்டாவதை நாளை அனுப்புகிறேன். செம்மஞ்சள் நிறம், கண்ணாடிபோல் உள்ளே தெரியும். பெட்டியில் இடம் இருந்ததால் அந்தப் பச்சைப் பீச்சாங்குழலையும் வைத்தேன். இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. ஆகவே நிலத்துக்குக் கீழுள்ள கார்த் தரிப்பிடத்தில் வைத்துப் பரிசோதித்தேன். பற்றரித் துவக்கில் எண்ணூறாவது அடியில் வேகம் கொஞ்சம் குறைகிறது. பீச்சாங்குழல் ஆயிரம் தரத்துக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. ஆயிரமும் எண்ணித்தான் சொல்கிறேன். திங்கள் தொடங்கி வியாழன் வரை எடுத்தது.

தண்ணீரைப் பழைய சேலைத் துணியால் வடித்து ஊற்று. யோகநாதன் திரும்ப விசாரித்தாரா?

அண்ணன்
சிவகரன்


உடையார்கட்டு
27.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்திருந்து எழும்பிவிட்டேன். நீங்கள் எப்படி? முறையாக எழுதுங்கோ. "நல்ல சுகம்" என்று ஒரே வரியைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பற்றரித் துவக்கு மூன்று நாள் ராசாவாக இருந்தது. தண்ணீர் இழுக்கும்போது கிர்ரென்று ஒரு சத்தம் போடுகிறது. அந்தச் சத்தத்துக்கே குரங்கு பாய்ந்து ஓடியது. நாலாம் நாள், சத்தம் கேட்டால் பாலை மரத்தில் ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது. நான் வாளிக்குள் மூக்கை வைக்கும் நேரத்தைத் தன் சாப்பாட்டு நேரமாக எடுத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் துவக்கே அடைத்துவிட்டது. வடித்துத்தான் ஊற்றினேன். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர் என்பதை நீங்களும் மறந்தீர்கள், நானும் மறந்தேன். கேத்திலுக்கு அடியில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு மூக்குக்குள்ளும் படிந்திருந்தது. தேசிக்காய்ப் புளியில் ஒரு நாள் ஊறவைத்துத்தான் திறந்தது. மஞ்சள் நீலத்துக்கும் அதே வைத்தியம் செய்தேன். பீச்சாங்குழலில் அடைக்க ஒன்றுமே இல்லை. அது அடிக்கிறது, ஆனால் எட்டு மீற்றர்தான்.

உண்மையைச் சொல்கிறேன். காட்டுப் பக்கக் கரை முழுவதும் போய்விட்டது. காய் பிடிக்கிற நேரம் இப்படியென்றால் விளைகிற நேரம் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. களைத்துப்போனேன் அண்ணா.

இன்னொன்று. அயல் வீட்டுக் கஜனியின் தமையனும் உங்கள் ஊரில்தானே இருக்கிறார். பாண் தொழிற்சாலையை ஆடி மாதத்தோடு பூட்டிவிட்டார்கள் என்று அவர் சொன்னாராம். உண்மையா?

சுதர்சினி


உடையார்கட்டு
26.01.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஒரு மாதமாகிறது, உங்கள் கடிதம் இல்லை. போன் எடுத்தால் "வேலையாய் நிக்கிறன், பிறகு எடுக்கிறன்" என்கிறீர்கள். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. பொங்கல் பொங்கினோம், உங்களுக்கும் சேர்த்துத் தேங்காய் உடைத்தோம். சுகமாக இருங்கோ.

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் எழுதவேண்டியிருக்கிறது. இரண்டு கிழமைக்கு முன் ஒரு நாள் காலையில் இருபது குரங்கு ஒன்றாக இறங்கி ஒரு வரிசையைப் பிடுங்கி எறிந்தன. காய் இன்னும் முற்றவில்லை, தின்னாமல் எறிந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. துவக்கை வரம்பில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே நொத்தாரிசிடம் போவதென்று அலுமாரியைத் திறந்தேன்.

பத்திரத்துக்குக் கீழே உங்கள் நீலக்கட்டம் போட்ட சட்டை கிடந்தது. எட்டு வருடத்துக்கு முன் யதுர்ஷிகா பெரியபிள்ளையாகி வைத்த சாமத்தியவீட்டுக்கு வந்தபோது விட்டுப்போனது. இவருடைய உடுப்பெல்லாம் இவர் போன முப்பத்தோராம் நாளோடு கொடுத்துவிட்டோம். வீட்டில் இருக்கிற ஒரே ஆம்பிளைச் சட்டை அதுதான். வெளியில் தூறல், என் உடுப்பு நனைந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு, தலைக்கு ஒரு துவாயையும் கட்டி, வரம்பில் விட்ட துவக்கை எடுத்துவரப் போனேன்.

அண்ணா, நான் படலையைத் தாண்டவில்லை, குரங்கெல்லாம் ஓடிவிட்டன. கையில் துவக்கு இல்லை, தண்ணீரும் இல்லை. தலைவன்தான் முதலில் ஓடினான்.

உங்களைப்போல் பரிசோதித்தேன். அடுத்த நாள் என் உடுப்போடு போனேன், அசையவில்லை. அதற்கடுத்த நாள் உங்கள் சட்டை, ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று தரம் மாற்றி மாற்றிச் செய்தேன். இவ்வளவு நாளும் அவை துவக்கைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்திருக்கின்றன. பொம்பிளை என்றால் பயமில்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கச்சான்தான் முக்கியம் என்று கோபத்தை அடக்கிக்கொண்டேன். நீங்கள் வந்து நின்ற நேரம் கெற்றப்போலும் கல்லுமாக அவற்றைத் துரத்தித் திரிந்தீர்களே, அந்தத் தலைவனுக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது.

சட்டை மட்டும் போதாது. இடைக்கிடை நனைக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அதையும் படித்துவிடும். பச்சைப் பீச்சாங்குழல்தான் கையில். வாழைக்குப் பின்னால் ஒளித்திருந்து, எட்டு மீற்றருக்குள் அவை வந்ததும் எழும்புகிறேன், ஓடத் தொடங்கும்போது முதுகில் அடிக்கிறேன். ஒரு கிழமையாக ஒரு செடியும் போகவில்லை.

பத்திரம் திரும்ப அலுமாரிக்குள் போய்விட்டது. மாசி நடுவில் பிடுங்கலாம். அண்ணா, எதுவென்றாலும் எனக்கு எழுதுங்கோ. நான் உங்கள் தங்கச்சி, ஊர்ச் சனம் இல்லை.

சுதர்சினி


ஜேர்மனி
14.02.2025

அன்புள்ள சுதர்சினி,

நான் சுகமில்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. இதுவரை எழுதிய "நல்ல சுகம்" எல்லாம் பொய் என்று சொல்ல வந்தேன்.

கஜனியின் தமையன் சொன்னது உண்மை. ஆடி முப்பத்தோராம் திகதி பூட்டினார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரனை யார் எடுக்கப்போகிறார்கள் என்று வீட்டுக்குள் இருந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் தூதரகத்துக்குப் போனேன். காணி இருக்கும்வரை திரும்பிப் போகலாம் என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்தவன் வெறுங்கையோடு வந்து இறங்கினால் சனம் என்ன கதைக்கும்? அந்த வெட்கத்துக்குக் காணியை விற்பது சுகமென்று நினைத்தேன். உன்னுடைய பாதியும் சேர்ந்து போகும் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

பிறகு நீ துவக்கு கேட்டாய். அந்த மூன்று துவக்குகளும் எனக்கு வேலை தந்தன. காலையில் எழும்பி முகம் வழித்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு இறங்குவேன். ஆயிரம் தரம் அடித்ததை எண்ணினேன் என்றேனே, எண்ணிக்கொண்டிருக்கிற நேரம் வேறொன்றும் நினைவுக்கு வராது. மூன்றாம் மாடிக்காரர் ஒரு நாள் இறங்கிவந்து தானும் அடித்துப் பார்த்தார். இப்போது மாலையில் கோப்பி குடிக்கக் கூப்பிடுகிறார்.

உன் கடிதத்தில் சட்டையைப்பற்றி வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன். என் சட்டைக்குக் குரங்கு பயப்படுகிறது, நான் ஊர்ச் சனத்துக்குப் பயப்படுகிறேன்.

பத்திரத்தை நீ விரும்பியபடி செய். கச்சான் வீடு வந்ததா என்று மட்டும் எழுது.

அண்ணன்
சிவகரன்


உடையார்கட்டு
03.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமில்லை என்று எழுதிய கடிதம்தான் இவ்வளவு நாளில் எனக்குச் சந்தோசம் தந்தது. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நீங்கள் சரியாக விளங்கிக்கொள்வீர்கள்.

கச்சான் வந்தது. முப்பத்தெட்டுச் சாக்கு. காட்டுக்கரைப் பங்கைக் குரங்கு எடுத்துக்கொண்டது, மிச்சமெல்லாம் வீட்டு விறாந்தையில் குவிந்து கிடக்கிறது. யதுர்ஷிகா கம்பஸ் லீவில் வந்து பிடுங்கினாள். அனிஸ்ரனும் மனைவியும் வந்தார்கள்.

உங்கள் பரிசோதனைக்கு என் முடிவு இது. தூரத்துக்கு மஞ்சள் நீலம். வேடிக்கைக்குச் செம்மஞ்சள். நம்பிக்கைக்குப் பச்சை, நீங்கள் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்றது. பழுதாகப் பாகமே இல்லாதது பழுதாகாது.

சனம் என்ன கதைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். சந்திக் கடையில் ஒன்றரை மாதமாகக் கதைக்கிறார்கள், சுதர்சினியின் தமையன் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறார் என்று. நீலக்கட்டச் சட்டையும் தலையில் துவாயுமாகத் தோட்டத்தில் நின்றதைப் பலபேர் கண்டார்களாம். நேற்று அந்தக் கடைக்காரர், சாருஜனின் தகப்பன், என்னைக் குறுக்கே மறித்துக் கேட்டார், "ஏன் பிள்ளை, சிவகரன் ஒரு தேத்தண்ணிக்கும் இந்தப் பக்கம் வாறானில்லை? எங்களோட கோவமோ?" அண்ணா, அவ்வளவுதான் கேட்டார். என்ன கொண்டுவந்தார், எவ்வளவு சேர்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்து நிற்கிறீர்கள் என்பதே அவர்களுக்குப் போதுமாக இருக்கிறது. நான் இல்லை என்று சொல்லவில்லை. வருவார் என்று சொல்லிவிட்டேன். இனி என்னைப் பொய்க்காரி ஆக்குவதும் ஆக்காததும் உங்கள் கையில்.

இத்துடன் புதுக் கச்சான் வறுத்து அனுப்புகிறேன். சுற்ற நல்ல தடித்த பேப்பர் ஒன்று வீட்டில் கிடந்தது. தூதரக முத்திரையும் உங்கள் கையெழுத்தும் வெளியில் தெரியும்படி சுருள் செய்திருக்கிறேன்.

வாங்கோ.

சுதர்சினி


ஜேர்மனி
25.03.2025

அன்புள்ள சுதர்சினி,

நான் சுகம். இந்த முறை உண்மையாகத்தான்.

சுருள் வந்தது. கையெழுத்தில் எண்ணெய் ஊறி, என் பெயரில் பாதி தெரியவில்லை. மூன்றாம் மாடிக்காரருக்கும் கொடுத்தேன், இது எங்கள் காணியில் விளைந்தது என்று சொல்லி. எங்கள் காணி என்று நான் வாயால் சொல்லி எத்தனையோ வருடமாயிற்று.

வைகாசி பன்னிரண்டாம் திகதி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குகிறேன். ஐப்பசி விதைப்பு முடியும்வரை நிற்பேன். அதற்குப் பிறகு என்ன என்பதை அங்கே வந்து யோசிப்போம். வெறுங்கையோடு வருகிறேனே என்று வெட்கப்பட்டவன் நான். நேற்றுக் கடைக்குப் போய் இரண்டு பீச்சாங்குழல் வாங்கிவிட்டேன், கைக்கு ஒன்று. பச்சை நிறம்தான், இரண்டு தரம் பார்த்து வாங்கினேன்.

நீலச் சட்டையைத் தோய்க்காமல் வை. நானே போடுகிறேன், குரங்குகள் குழம்பக்கூடாது. நீ இனி உன் உடுப்போடு என் பக்கத்தில் நின்று அடி. பொம்பிளைக்கும் பயப்படப் பழகட்டும்.

சாருஜனின் தகப்பனிடம் சொல்லிவிடு, கோபமொன்றும் இல்லையென்று. தேத்தண்ணிக்கு வருகிறேன்.

உன் அண்ணன்
சிவகரன்